ஆள் அறிந்து ஆண்டவர்

ஒரு பல்கலைக் கழகத்தின் பெருமையைப் பேசுவோர் அங்குள்ள பேராசிரியர்களின் பெயர்களைச் சொல்வார்கள்; கட்டடங்களைக் காட்டுவார்கள். அந்தப் பேராசிரியர்கள் மனம் ஒன்றி வேலை செய்ய வழி அமைத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நின்று பழகிய மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதியதன்று. கருவிகள் அவையே, சம்பளமும் அதுவே, ஆட்களும் அவர்களே. ஒருவர் தலைமையில் இரவு எட்டு மணிக்கும் அங்கே விளக்கு எரிகிறது. வேறொருவர் வந்ததும் மாலை நான்கு மணிக்கே எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இடையில் மாறியது தலைமை ஒன்றுதான்.

தலைமையின் போக்கு, அதன் கீழ் உழைப்பவர்களின் உழைப்பையும் அந்த உழைப்பின் தரத்தையும் எப்படி ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதை அறிய விரும்புவோர், கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். வங்காளத்தார் அவரை வங்கப் புலி என்று போற்றினார்கள். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. இராமனை அரசாங்கக் கணக்கு அலுவலகத்திலிருந்து பேராசிரியர் பீடத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான் என்பது தமிழர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி.

அசுதோஷ் 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாத் மருத்துவர். தாயார் ஜகத்தாரிணி தேவி. பவானிப்பூரில் பள்ளிப் படிப்பை முடித்துப் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்த அவருக்குக் கணிதத்தில் தணியாத வேட்கை இருந்தது. யூக்ளிடின் முதல் நூலில் உள்ள ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் ஒன்றைக் கண்டு இங்கிலாந்துக் கணித இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். 1881இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது பதினேழுதான். 1885இல் கணிதத்திலும், அடுத்த ஆண்டே பௌதிக விஞ்ஞானத்திலும் எம். ஏ. பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையும் அவரை வந்தடைந்தது. எடின்பரோ ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு தகுதி பெற்ற இளைஞர் கணித ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு வாழ அன்றைய இந்தியாவில் இடம் இருந்ததா? இல்லை. 1857இல் நிறுவப்பட்ட கல்கத்தாப் பல்கலைக் கழகம், இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. பாடம் சொல்லுவது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக் கழகத்தின் வேலை. ஆராய்ச்சிக்கென்று பேராசிரியரை அமர்த்தும் வழக்கம் அங்கே இல்லை. அசுதோஷ் சில ஆண்டுகள் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் கணிதச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பிறகு சட்டத் துறையில் புகுந்தார். 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1904இல் கல்கத்தா உயர்நீதி மன்ற நீதிபதியானார். நாடு நல்ல நீதிபதி ஒருவரைப் பெற்றது. கணித மேதை ஒருவரை இழந்தது. தமக்குக் கிடைக்காத வாய்ப்பைப் பின்வந்தவர்களுக்குக் கிடைக்கச் செய்ததே அவருடைய பிற்கால வாழ்க்கை என்று சொன்னால் மிகையாகாது.

இருபத்தைந்து வயதிலேயே, 1889இல், அவர் பல்கலைக் கழகத்தின் ஆட்சிக் குழுவாகிய சிண்டிகேட்டில் இடம் பெற்றார். விதி எது, விதிவிலக்கு எது, எந்தக் குழுவுக்கு எந்த அதிகாரம் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி ஆயின. இந்த அறிவு பின்னால் மிகவும் பயன்பட்டது. கர்சான் பிரபு கொண்டுவந்த 1904ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டம், கல்வியை அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டுவரும் சூழ்ச்சி என்று மக்கள் வெறுத்தார்கள். அந்த அச்சத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் பல்கலைக் கழகமே பேராசிரியர்களை அமர்த்தலாம், பாடம் நடத்தலாம் என்று அதே சட்டத்தில் ஓர் இடமும் இருந்தது. 1906இல் துணைவேந்தரான அசுதோஷ் அந்த வாசலைப் பற்றிக்கொண்டார். கட்டுப்படுத்த வந்த சட்டமே வளர்க்கும் கருவியாயிற்று.

துணைவேந்தர் பதவி அந்நாளில் ஊதியம் இல்லாத தொண்டு. பகலெல்லாம் நீதிமன்றத்தில் வழக்குக் கேட்டுவிட்டு மாலையில் பல்கலைக் கழக வேலையை அவர் கவனித்தார். 1906 முதல் 1914 வரை, இரண்டிரண்டு ஆண்டுகளாக நான்கு முறை தொடர்ந்து அப்பதவியை வகித்தார். 1921 முதல் 1923 வரை மீண்டும் ஒரு முறை வகித்தார். பதவியில் இல்லாத இடைக்காலத்திலும் முதுநிலைக் கல்வியை நடத்திய குழுக்களின் உயிர்நாடி அவரே.

பணம் இல்லாமல் பல்கலைக் கழகம் வளராது. வழக்கறிஞர் தாரகநாத் பாலித் 1912இல் நிலமும் பொருளுமாகச் சுமார் 15 லட்சம் ரூபாய் அளித்தார். மறு ஆண்டு ராஷ்பிஹாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் வழங்கினார். அசுதோஷிடம் கொண்ட நம்பிக்கையே இந்தக் கொடைகளுக்குப் பெருங்காரணம். 1914 மார்ச் 27ஆம் நாள் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலித் பீடங்களில் இந்தியர்களே அமர வேண்டும் என்பது கொடையாளர் விதித்த நிபந்தனை. ஆகவே ஆளைத் தேடும் பொறுப்பு துணைவேந்தரின் தலையில் விழுந்தது.

அவருடைய தனித்திறமை இங்கேதான் வெளிப்பட்டது. இரசாயனத்துக்கு ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் இருந்தார். பௌதிகத்துக்கு அவர் கண் வைத்தது, எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராக இல்லாத ஒருவர்மேல். இராமன் 1907 முதல் நிதி இலாகா அதிகாரி. அலுவலகத்துக்குப் போகும் முன்னும் திரும்பிய பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகக் கூடத்தில் ஒலியையும் அதிர்வையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அசுதோஷ் அழைத்தார், சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் இராமன் இசைந்தார்.

அங்கே ஒரு தடை எழுந்தது. பேராசிரியராக வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு இராமன் உடன்படவில்லை. தம் ஆராய்ச்சியை இங்கேயே செய்ய முடியும்போது பயிற்சிக்கென்று கடல் கடப்பானேன் என்பது அவர் நிலை. சாதாரணத் தலைவர் ஒருவராயிருந்தால் விதியைக் காட்டிக் கையை விரித்திருப்பார். பீடத்துக்கு வேறொருவரைத் தேடியிருப்பார். அசுதோஷ் விதியைத் தளர்த்தி ஆளைக் காத்தார். 1917இல் இராமன் பதவி ஏற்றார். முதுநிலை வகுப்புகளை நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு விதிக்கப்படவில்லை. ஆயினும் அவர் விரும்பி வகுப்பெடுத்தார். கட்டாயம் இல்லாத இடத்தில் உழைப்பு குறையும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இளைஞர்களை அவர் நம்பிய விதம் இதைவிட வியப்புக்குரியது. சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா இருவரும் 1915இல் கணிதத்தில் எம். எஸ்ஸி. தேறியவர்கள். போஸின் தந்தை ரெயில்வேயில் கணக்கர். சாஹா கிழக்கு வங்கத்துச் சிற்றூர் ஒன்றின் மளிகைக் கடைக்காரர் மகன். தாழ்ந்ததென்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். உலகமே புதிய பௌதிகத்தைப் பேசும்போது இங்கே பழைய பாடமே நடக்கிறதே என்ற ஆதங்கத்தோடு இளைஞர்கள் துணைவேந்தரிடம் போனார்கள். அவர் சினக்கவில்லை, அவர்களால் எதைக் கற்பிக்க முடியும் என்று கேட்டார். தாங்களே படித்துக்கொண்டு கற்பிப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில், அதாவது இந்த இதழைப் படிக்கும் நம்மில் பலருடைய வயதில், அவர்கள் விரிவுரையாளர்கள் ஆனார்கள்.

அது முதல் உலகப் போர்க் காலம். ஜெர்மனியிலிருந்து நூல்கள் வருவது நின்றிருந்தது. சிப்பூரில் இருந்த ஆசிரியர் ஒருவரிடம் ஜெர்மன் நூல்களை இரவல் வாங்கி இருவரும் படித்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1920இல் மகலனோபிஸின் முன்னுரையோடு கல்கத்தாப் பல்கலைக் கழகமே அதை நூலாக வெளியிட்டது. கணிதத் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவருக்கும் இவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்காக எவரும் இவர்களை வேலையிலிருந்து நீக்கவில்லை. இருவரும் பௌதிகத் துறைக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே சாஹா தாம் ஆழ்ந்து படித்திராத வெப்ப இயக்கவியலைக் கற்பிக்க வேண்டி வந்தது. கற்பிப்பதற்காகக் கற்றதே, விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டுக்கு 1920இல் அவரைக் கொண்டு சென்றது. மனக்கசப்பில் முடிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி விஞ்ஞான வரலாறாக மாறியது!

இந்தக் கல்லூரியின் விரிவுரையாளர்களில் மற்றொருவர் ஞானசந்திர கோஷ். மின்பகு பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ் பெற்ற அவர், பிற்காலத்தில் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். ஒரே கூரையின்கீழ், ஒரு சில ஆண்டுகளுக்குள், இத்தனை பேர் ஒருங்கே மலர்ந்தது தற்செயலாக இருக்க முடியுமா?

விஞ்ஞானத்தோடு அவர் நிற்கவில்லை. புதைபொருள் ஆராய்ச்சித் துறையில் இருந்த டி. ஆர். பண்டார்க்கரை மகாராஷ்டிரத்திலிருந்து பண்டைய இந்திய வரலாற்றுப் பேராசிரியராக வரவழைத்தார். ஓவியர் அவனீந்திரநாத் தாகூரைக் கலைப் பேராசிரியர் ஆக்கினார். 1921இல் தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் துணைவேந்தராக மைசூருக்குப் போனார். காலியான பீடத்துக்கு அதே மைசூரிலிருந்து ஒருவரை அசுதோஷ் அழைத்தார். திருத்தணியில் பிறந்து சென்னையில் படித்த டாக்டர் இராதாகிருஷ்ணன்தாம் அவர். இந்திய தத்துவத்தைப் பற்றிய அவருடைய பெருநூலின் இரு தொகுதிகளும், 1923இலும் 1927இலும், அவர் கல்கத்தாவில் இருந்த காலத்திலேயே வெளிவந்தன. வங்காளத்தில் வங்காளிக்கே வேலை என்று அவர் கருதியிருந்தால் நம் பக்கத்தார் எவரும் அங்கே பீடம் ஏறியிருக்க முடியாது. பிற மாநிலத்தில் வந்து படிக்கும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு பாதி. அவரைக் காப்பது மறு பாதி. 1913இல் அப்துல் ரசூல், ஜெயஸ்வால் முதலிய மூவரை விரிவுரையாளர்களாகப் பல்கலைக் கழகம் தேர்ந்தெடுத்தபோது, அவர்கள் அரசியல் தொடர்புடையவர்கள் என்று சொல்லி இந்திய அரசாங்கம் அனுமதி மறுத்துவிட்டது. அசுதோஷ் அரசாங்கத்தோடு முரண்பட்டார். மறு ஆண்டு அவருக்குப் பதவி நீட்டிப்பு வரவில்லை. 1922இல் இன்னும் பெரிய சோதனை வந்தது. பல்கலைக் கழகத்தின் கருவூலம் வறண்டிருந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாய் இருந்தது. வங்காள அரசாங்கம் இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் புதிய செலவுகளுக்கும் வளர்ச்சிக்கும் கடிவாளமிடும் நிபந்தனைகளைச் சேர்த்தே தந்தது. செனட் கூட்டத்தில் அசுதோஷ் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்று முழங்கினார். பட்டினி கிடந்தாலும், வீடு வீடாகக் கையேந்த நேர்ந்தாலும், பல்கலைக் கழகத்தின் சுதந்தரத்தை விற்பதில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். 1923இல் லிட்டன் பிரபு, அரசாங்கத்தை எதிர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் பதவி நீடிக்கும் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். அசுதோஷ் மிகக் கடுமையாக மறுத்துப் பதவியை உதறினார்.

மேலே இருந்து வரும் அடியைத் தம் முதுகில் தாங்கிக்கொண்டு, கீழே உழைப்பவரை நிழலில் வைக்கும் தலைமை இது. அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? பிரபுல்ல சந்திர ராய் 1921இல் அறுபது வயது நிறைந்தது முதல், 1936இல் ஓய்வு பெறும் வரை, தம் சம்பளத்தைப் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். விஞ்ஞானக் கல்லூரியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்தார். இத்தகைய உழைப்பை எந்தச் சுற்றறிக்கையாலும் பெற முடியாது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்பது நேர்மை. அசுதோஷின் தலைமையில் குறைகளே இல்லை என்று சொல்வதற்கில்லை. செனட்டிலும் சிண்டிகேட்டிலும் அவர் சொல்லே சட்டமாக நடந்தது. மாற்றுக் கருத்துடையோர் ஒதுங்கி நின்றார்கள். வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் அவரை வன்மையாகக் கண்டித்தவர்களில் ஒருவர். தேர்வுகளின் தரம் தளர்ந்தது, வருவாயைப் பாராமல் துறைகள் பெருக்கப்பட்டன என்பவை அன்று எழுந்த குற்றச்சாட்டுகள். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. துறைகளைத் திறந்த அளவுக்குக் கருவிகள் வாங்கப் பணம் இல்லை. 1921இல் போஸ் டாக்காவுக்குப் போனார். 1923இல் சாஹா அலகாபாத்துக்குப் போனார். ஊக்கம் எவ்வளவு ஊட்டினாலும், ஆய்வுக்கூடம் வெறுமையாய் இருந்தால் உழைப்பாளி வேறிடம் தேடுவான். அன்பான சொல்லால் மட்டும் ஆராய்ச்சி நடவாது.

அதனினும் பெரிய குறை, எல்லாம் ஒருவரையே தாங்கி நின்றது. 1924 மே 25ஆம் நாள், தும்ராவ் ஜமீன் வழக்குக்காகப் பாட்னா சென்றிருந்தபோது அசுதோஷ் திடீரென்று காலமானார். அறுபது நிறைய ஒரு மாதமே இருந்தது. பல்கலைக் கழகத்தின் நடுத்தூண் சாய்ந்தது. ஆயினும் அவர் தேர்ந்தெடுத்தவர்களின் உழைப்பு அவரோடு மடியவில்லை. நான்கு ஆண்டு கழித்து 1928 பிப்ரவரி 28ஆம் நாள், பாலித் பேராசிரியராக இருந்த இராமன், பௌபஜார் தெருக் கூடத்தில் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு வந்தது. டாக்காவில் இருந்த போஸ் 1924இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

விஞ்ஞானத்தில் பெரியவராய் இருப்பதாலேயே தலைமையும் ஒருவருக்கு இயல்பாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டா. அசுதோஷின் ஆதரவில் தடையின்றி மலர்ந்த அதே இராமன், 1933இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானபோது, நிருவாகத்தில் பூசல்கள் வளர்ந்தன. 1937இல் அப்பதவியை விட்டுவிட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். ஆராய்ச்சி ஒரு கலை; ஆராய்ச்சி செய்வோரை வைத்து நடத்துவது வேறொரு கலை. இரண்டாவதற்கு நம் வகுப்புகளில் பாடம் இல்லை.

அசுதோஷ் அந்தக் கலையை எதைக் கொண்டு நடத்தினார்? யாருக்கு எது முடியும் என்று பார்த்தார். பார்த்தபின் வேலையை முழுவதும் அவரிடம் விட்டார். குறுக்கே வந்ததைத் தாமே எதிர்கொண்டார். வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, தெரிந்து வினையாடல் என்று பெயரிட்டிருக்கிறார். அசுதோஷின் கடுமை வெளியே அரசாங்கத்தை நோக்கித் திரும்பியபோது பல்கலைக் கழகம் வளர்ந்தது. அதுவே உள்ளே மாற்றுக் கருத்தினரை நோக்கித் திரும்பியபோது தளர்ந்தது. ஒரே மனிதரின் ஒரே குணம், திரும்பும் திசையைப் பொறுத்து நன்மையாகவும் தீமையாகவும் ஆயிற்று என்பதே இவ்வாழ்க்கை தரும் பாடம்.

அவர் சேர்த்து வைத்த 80,000க்கு மேற்பட்ட நூல்களை அவர் குடும்பத்தார் 1949இல் தேசிய நூலகத்துக்கு வழங்கினார்கள். கல்கத்தா செல்லும் நண்பர்கள் அவற்றைக் காணலாம். ஆனால் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் மனிதர்களே. இன்று மேற்பார்வையின்கீழ் உழைக்கும் நம்மில் பலர், நாளை ஒரு துறைக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ தலைமை ஏற்கப் போகிறவர்கள். அப்போது ஒரு மாணவன் பழைய பாடத்தைக் குறை கூறிக்கொண்டு நம் அறைக் கதவைத் தட்டக்கூடும். அவனை அனுப்பிவிடுவதா, அவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்பதா என்பதை அன்றைக்குத்தான் யோசிக்க வேண்டும் என்பதில்லை. இன்றே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.